உறிஞ்சுகுழாய்க்கு ஆர்ச் கட்டியவள்

இன்ஜினியரிங் முடித்த முதல் ஒரு வருஷத்துக்கு யாரையும் குழாய், மின்சாரம், பாலம் ஆகியவற்றின் பக்கத்திலேயே விடக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தால், அதை ஆதரித்து முதல் கையெழுத்துப் போடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. ஒரே ஒரு குழாயை வைத்து நாற்பத்திரண்டு சேலைகளையும், ஓர் அதிகாரியின் வெள்ளைச் சட்டையையும், என் மானத்தையும் ஒரே காலையில் ஒழித்தவள் நான்.

(மானம் போன விஷயத்தில் என் அம்மாவுக்கு மாற்றுக் கருத்து உண்டு. "அது ஒங்கிட்ட இருந்தாத்தானடி போறதுக்கு" என்பார்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மெக்கானிக்கல் பிரிவில் எங்கள் வகுப்பில் அறுபது பேர். பெண்கள் நாலு பேர். முதல் மார்க் நான். இதை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்காருகிறவரிடம்கூடச் சொல்லிவிடுவேன். திண்டுக்கல்லில் ஏறினால் வத்தலக்குண்டு போவதற்குள் இரண்டு தடவை சொல்ல நேரம் இருக்கும்.

வேலை கொடுத்தவர் ஜெயராஜ் சார். ரோட்டை வெட்டாமல், ரோட்டுக்கு அடியிலேயே துளை போட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குழாயை இழுத்துக் கொடுக்கும் காண்ட்ராக்டர். அவருடைய இரண்டு பையன்களையும் கணக்கில் பாஸ் பண்ண வைத்தவர், டீச்சராக இருந்த என் அம்மா. (பெரியவன் பாஸானதை அற்புதங்களில் சேர்க்கலாமா என்று எங்கள் பங்குச் சாமியாரே யோசித்தாராம்.) அந்த நன்றியில் கிடைத்த வேலை அது. என் மார்க்கைப் பார்த்துத்தான் கொடுத்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் சைட் சின்னாளப்பட்டியைத் தாண்டி மதுரை ரோட்டில். நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் மேல்நிலைத் தொட்டி கட்டி முடித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஏழெட்டுத் தெருக்கள் குடத்தோடு காத்திருந்தன. நடுவில் ரோடு. அதில் கடப்பாரை வைக்க அனுமதி இல்லாததால்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

தொழிலைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் முழு அழகும் உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ரிக் என்கிற எந்திரம் நீளமான இரும்பு ராடுகளைச் சுழற்றிச் சுழற்றி ரோட்டுக்கு அடியில் செலுத்தும். அப்படிச் செலுத்தும்போது ஒரு தனி வகைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, பம்ப் வைத்து உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வெட்டிய மண்ணை வெளியே கொண்டுவரும். அதுதான் துளை இடிந்து விழாமல் தாங்கிப் பிடிக்கும். பார்க்கக் கூழ் மாதிரி இருக்கும் அதற்கு எங்கள் சைட்டில் பெயர் கஞ்சி. கஞ்சி நின்றுபோனால் மண் சரிந்து ராடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப நேரம் பிடித்தால் ராடு, துளை, காண்ட்ராக்டர் எல்லாம் ரோட்டுக்கு அடியிலேயே சமாதி.

கஞ்சி கலக்கும் தொட்டியிலிருந்து பம்ப்புக்குப் போகிற குழாய்தான் உறிஞ்சுகுழாய். சைட்டில் சக்சன் பைப் என்பார்கள். இந்தக் கதையின் நாயகன் அவன்தான். வில்லி நான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குழாய் பார்க்கச் சகிக்காமல் இருந்தது. ஆறு அங்குல ரப்பர் ஹோஸ், உள்ளே கம்பிச் சுருள் வைத்தது. தொட்டியின் அடியிலிருந்து கிளம்பி, நாலே எட்டில், நேராக பம்ப்பின் வாய்க்குள் போய்ச் சேர்ந்தது. மேலெல்லாம் சைக்கிள் டியூபைச் சுற்றி, சாக்கைச் சுற்றி, கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்து வந்த மலைப்பாம்பு மாதிரி நடைபாதையின் குறுக்கே படுத்துக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாளே நான் தடுக்கி விழுந்தேன். பகை அன்றைக்கு ஆரம்பித்தது.

இரண்டாவது வாரத்தில் ஜெயராஜ் சார் வந்து, அடுத்த வியாழக்கிழமை குடிநீர் வேலையை மேற்பார்வை பார்க்கும் பெரிய அதிகாரி வருகிறார் என்றார்.

"ஏம்மா ரெஜினா, அவரு சுத்தம் பாக்குற ஆளு. இந்தக் குப்பையெல்லாம் கொஞ்சம் ஒதுங்க வச்சிரு."

அவர் சொன்ன குப்பை, சிமெண்ட் பையும் டீ டம்ளரும். என் காதில் விழுந்தது: உறிஞ்சுகுழாய் அமைப்பை முழுமையாக மறுவடிவமைப்புச் செய்க.

அன்றே கம்ப்யூட்டரில் வரைந்தேன். தொட்டியைத் தள்ளி, வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோனேன். (வெயிலில் கஞ்சிக்கு என்ன கஷ்டமோ!) ரப்பரைத் தூக்கிவிட்டு இரும்புக் குழாய் போட்டேன். பம்ப்பிலிருந்து வெளியே போகிற குழாய் இரண்டே அங்குலம் இருக்கும்போது உள்ளே வருவதற்கு எதற்கு ஆறு, நாலு போதும் என்று என் பேரறிவு தீர்ப்புச் சொன்னது. நடைபாதைப் பிரச்சினைக்கு நான் கண்டுபிடித்த தீர்வுதான் உச்சம். குழாய் தொட்டியிலிருந்து செங்குத்தாக மேலே ஏறும். எட்டடி உயரத்தில் நடைபாதையைக் கடக்கும். மறுபடி செங்குத்தாக இறங்கி பம்ப்புக்குள் நுழையும். மனிதர்கள் கீழே தலை நிமிர்ந்து நடந்துபோகலாம். கல்யாண மண்டப வாசலில் ஆர்ச் வைப்பார்களே, அந்த மாதிரி. மொத்தம் நாலு முழங்கை வளைவு, ஆறு இணைப்பு. நிறம், வான நீலம்.

பம்ப் ஆபரேட்டர் பாண்டி, என்னைவிட ஆறேழு வயது பெரியவர். தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், இது தள்ளுற பைப்பா, ஒறிஞ்சுற பைப்பா?"

"உறிஞ்சுற பைப்புதான்."

"அப்ப எதுக்கு மேல ஏறி வருது?"

"அண்ணே, காத்தோட அழுத்தம் தண்ணியைப் பத்து மீட்டர் வரைக்கும் தூக்கும். இது வெறும் எட்டடி. இயற்பியல்."

"அது தண்ணி மேடம். இது கஞ்சி."

"எல்லாம் திரவம்தான்."

பாண்டி தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "கலரு நல்லாருக்கு" என்றார். அதை நான் தொழில்நுட்ப ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன்.

ஜெயராஜ் சாருக்கு ஒரே சந்தோஷம். படத்தில் இருந்த அம்புக்குறிகளைப் பார்த்தே மயங்கிவிட்டார். படித்த பிள்ளை வந்தால்தான் சைட்டுக்கு ஒரு லட்சணம் என்றார். கீழே நடந்துபோகிறவர்களுக்கு 'நல்வரவு' என்று ஒரு போர்டு மாட்டலாமா என்று கேட்டார். நான் மறுக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ஹோஸை என்ன செய்வது? எங்கள் சைட்டை ஒட்டிச் சரிவில் சரோஜாக்காவின் சாயப்பட்டறை இருந்தது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றி, அலசி, பக்கத்துக் காலி இடத்தில் காயப்போடுவார்கள். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தரையில் நீளநீளமாக விரித்திருப்பார்கள். சாயத்தண்ணியை வடிய விட ஒரு குழாய் வேண்டும் என்று அக்கா முன்பே கேட்டிருந்தார். நான் மகாராணி தோரணையில் ஹோஸைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எடுத்துக்கங்கக்கா, எங்களுக்கு இனி இது தேவைப்படாது."

அந்த வாக்கியத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது.

ஆர்ச் எழுந்தது. மேட்டில் ஏறி இறங்கும் குழாய் தானாக நிரம்பாது என்பதால், உச்சியில் ஒரு மூடி வைத்து, ஒவ்வொரு தடவையும் ஏணியில் ஏறி வாளியால் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டியிருந்தது. பாண்டி இரண்டாவது தடவை ஏறும்போது மேலிருந்தே சொன்னார்:

"முந்தி வால்வைத் திறந்தாக் கஞ்சி அதுபாட்டுக்கு வரும் மேடம். இப்ப இதுக்கு ஏணி போட்டு ஏறிச் சங்குல பால் ஊத்துற மாதிரில்ல ஊத்த வேண்டியிருக்கு!"

புதன்கிழமை சோதனை. தொட்டியில் வெறும் தண்ணீரை நிரப்பி, பம்ப்பை மெதுவாக ஓட்டினோம். பூனை பால் குடிக்கிற மாதிரி சத்தமே இல்லாமல் ஓடியது. இணைப்பு ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. பாண்டியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காகவே கடவுள் வியாழக்கிழமையை அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

வியாழன் காலை பத்து மணி. பெரிய சார் ஜீப்பிலிருந்து இறங்கினார். நீலம் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டை, அதில் கஞ்சி போட்டு இஸ்திரி. (இந்தக் கஞ்சி வேறு.) தொட்டியில் இப்போது உண்மையான களிமண் கஞ்சி, கெட்டிப் பதத்தில் தயாராக இருந்தது. பழைய ஹோஸ் இருந்தபோதே ரிக் ராடுகளை ரோட்டின் பாதி தூரத்துக்கு மேல் செலுத்தியிருந்தது; துளை நிறைய நின்ற பழைய கஞ்சிதான் அதுவரை மண்ணைத் தாங்கிக்கொண்டிருந்தது.

ஆரம்பிக்கும் முன் ஆட்கள் பம்ப்புக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். ஊதுபத்தி செருக இடம் தேடிய ஓர் ஆள், கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறதென்று ஆர்ச்சின் கீழ் இணைப்பில் போல்ட்டு இடுக்கில் செருகிவைத்தார். பம்ப் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஊதுபத்திப் புகை மேலே போகவில்லை. பக்கவாட்டில் வளைந்து, இழை இழையாக, குழாயின் இணைப்புக்குள்ளே போய்க்கொண்டிருந்தது.

"சாமி ஏத்துக்கிருச்சுடா!" என்று ஒருவர் கத்தினார். எல்லாரும் கும்பிட்டார்கள். ஜெயராஜ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன். பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் கைவசம் இருந்தும், இந்த இணைப்பு காற்றை உறிஞ்சுகிறது, அதனால்தான் நேற்று வெளியே சொட்டவில்லை, இது கசியாத குழாய் இல்லை, உள்நோக்கிக் கசிகிற குழாய் என்பது எனக்குத் தோன்றவில்லை. பாண்டி மட்டும் கும்பிடாமல் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பெரிய சாரை ஆர்ச்சின் கீழே அழைத்துப் போனேன். "பாருங்க சார், ஒரு சொட்டு லீக் கிடையாது."

"வெரி நீட்" என்றார் அவர். வாழ்க்கையில் என் தலை அதற்கு மேல் உயர்ந்ததில்லை. ஆர்ச்சில் இடிக்காதது ஆச்சரியம்.

ரிக்கிலிருந்து வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். பாண்டி கூட்டினார். பம்ப்பின் உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் விட்டு டொக், டொக். அப்புறம் விடாமல்.

"அது என்ன சத்தம்?" என்றார் பெரிய சார்.

வயிறு நிறையாத பம்ப், காற்றையும் கஞ்சியையும் மாற்றி மாற்றி விழுங்கி விக்கிக்கொண்டிருந்தது. நாலு அங்குலக் குழாய், நாலு வளைவு, கெட்டிக் கஞ்சி, ஓட்டை இணைப்பு, உச்சியில் சேர்ந்துகொண்ட காற்று எல்லாம் சேர்ந்து அதன் குரல்வளையை நெரித்துக்கொண்டிருந்தன. நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன், என் சந்ததியினர் தெரிந்துகொள்ளட்டும்:

"அது பம்ப்போட இதயத்துடிப்பு சார்."

பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு மனிதன் இன்னொரு மனிதப் பிறவியை அப்படிப் பார்த்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ரிக்கிலிருந்து ஆபரேட்டர் தலையை நீட்டிக் கத்தினார். "ஏலே, கஞ்சி வரலடா! ராடு புடிக்குது!"

பாண்டி பம்ப்பை நிறுத்த ஓடினார். அதற்குள் ஆர்ச் ஆடத் தொடங்கியிருந்தது. முதலில் லேசாக, வெட்கப்பட்டு ஆடுகிற மாதிரி. பிறகு திருவிழாவில் சாமியாடுகிற மாதிரி. பம்ப்பின் ஒவ்வொரு அடிக்கும் அது துள்ளியது.

"சார், தள்ளுங்க!"

பாண்டி போட்ட சத்தத்தில் பெரிய சார் நாலு எட்டு ஓடிவிட்டார். அது புண்ணியம். தொட்டிப் பக்க வெல்டிங் விட்டுப் போய், நல்வரவு போர்டோடு சேர்ந்து என் ஆர்ச் தரையில் சாய்ந்தது. யாருக்கும் அடி இல்லை. ஒரு விநாடி எல்லாரும் மூச்சு விட்டோம்.

மூச்சு விட்டிருக்கக் கூடாது. தொட்டியின் அடியில் இருந்த குழாய் இப்போது தரையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தொட்டி நிறையக் கஞ்சி. இறக்கமான தரை. அது கிளம்பியது.

"வால்வை மூடுங்க!" என்று கத்தினேன்.

"மூடுறதுக்குத் திருகினாத்தான மேடம்!" என்றார் பாண்டி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டே. வால்வுக்கும் வான நீலம் அடிக்கச் சொல்லியிருந்தேன், இரண்டு கோட்டு. காய்ந்து இறுகி, வால்வும் பிடியும் ஒரே சிற்பமாக ஆகியிருந்தன. கம்பியை விட்டு நெம்பி அவர் அதைத் திருப்புவதற்குள் முக்கால் தொட்டி போய்விட்டது.

அந்தக் களிமண்ணின் வழுக்கலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பெரிய சார் ஓடிப்போய் நின்ற இடம் பத்திரமான இடம்தான். ஆனால் ஜீப்புக்குப் போக நினைத்து ஓர் எட்டு வைத்தார். அடுத்த விநாடி கஞ்சியில் உட்கார்ந்திருந்தார். தூக்கிவிடப் போன ஜெயராஜ் சாரும் உட்கார்ந்தார். இருவரையும் தூக்கப் போன நான் மண்டி போட்டபடியே அவர்களைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய், வேலியில் நின்றேன். அங்கிருந்துதான் பார்த்தேன். கஞ்சி எனக்கு முன்னாலேயே வேலியைத் தாண்டி, சாவகாசமாக, விரித்துக் காய்ந்துகொண்டிருந்த சுங்குடிச் சேலைகள் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

சரோஜாக்கா பட்டறைக்குள்ளிருந்து ஓடிவந்தார். சாயம் படிந்த இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பாக இருந்ததில், ஒரு கணம் உயிர்ப்பயமே வந்துவிட்டது.

"அடப் பாவிகளா! அம்புட்டும் நாளைக்குக் கடைக்குப் போற உருப்படிடா!"

எனக்கு அதுவரை சிரிப்புக்கு இடமிருந்தது என்றால், அங்கே போய்விட்டது. நூல் போட்டு முடிச்சு முடிச்சாகக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, வீடு வீடாகப் பெண்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை. புள்ளி புள்ளியாக இருந்த சேலைகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன. அக்கா கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். இன்னும் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின்னாலிருந்து பாண்டி ஓடிவந்தார். "மேடம், ராடு இறுகிக்கிட்டே போகுது. இன்னும் அரை மணி நேரத்துல கஞ்சி குடுக்கலைன்னா அம்புட்டுத்தான், விட்டுட்டுப் போக வேண்டியதுதான். பக்கத்து ட்ரம்முல கரைச்சு வச்ச கஞ்சி இருக்கு. பழைய ஹோஸு எங்க?"

நான் சரோஜாக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பட்டறைப் பின்வாசலில் ஆறு அங்குல மலைப்பாம்பு படுத்து, சாந்தமாகச் சாயத்தண்ணியை வடித்துக்கொண்டிருந்தது.

முதல் மார்க் வாங்கிய வாய் அது. அன்றைக்கு அதிலிருந்து வந்த சத்தம் இவ்வளவுதான்: "அக்கா... அந்தக் குழாய்..."

"எந்தக் கொழாய்?"

"நான் கொடுத்தேன்ல..."

"ஒங்களுக்குத்தான் தேவப்படாதுன்னியே!"

"தேவைப்படுதுக்கா."

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, எங்கிட்டயே கொழா கேக்க வாரியா நீ?"

அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. உண்மையிலேயே மண்ணைத்தான் போட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாய் வராவிட்டால் ஜெயராஜ் சாருடைய ராடும் துளையும் போகும், அது சரி, அதைவிட அந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் இன்னும் எத்தனை மாதம் தள்ளிப்போகுமோ என்று எதையோ உளறினேன். அக்கா சேலைகளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். அவர் வீடும் அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் இருந்தது.

"தாரேன். ஆனா ஒண்ணு. வேல முடிஞ்சதும் இங்க வந்து ஒவ்வொரு சேலையையும் நீ அலசித் தரணும். நீதான். ஆளு கீளு அனுப்பக் கூடாது, தெரியுதா?"

"சரிக்கா."

"படிச்ச புள்ள, பேச்சு மாற மாட்டியே?"

"மாற மாட்டேங்க்கா."

நாங்கள் நாலு பேர் அந்த ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு, வழுக்கி விழுந்து எழுந்து ஓடினோம். ட்ரம்மைப் பம்ப்பின் பக்கத்தில் தள்ளிக்கொண்டுவந்து, ஹோஸை நேராக, குட்டையாக, பம்ப்பின் வாயில் மாட்டினார் பாண்டி. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று குறைந்தது. அந்த இணைப்பைச் சாக்கால் சுற்றி நான் அதன்மேல் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொண்டேன். (மறுவடிவமைப்பில் இது இல்லை.) பம்ப் ஓடியது. டொக் சத்தம் இரண்டு தடவை கேட்டது. பிறகு இல்லை. ஹோஸ் என் வயிற்றுக்கு அடியில் ஒரே சீராகக் கனத்து ஓடுவதை உணர்ந்தேன். சாயத்தண்ணி மிச்சம் இருந்ததால் துளையிலிருந்து திரும்பி வந்த முதல் கஞ்சி ரோஸ் நிறத்தில் இருந்தது. ரிக் ஆபரேட்டர் அதைப் பார்த்து, பாறை ரத்தம் கக்குகிறதோ என்று பயந்துபோனாராம்.

கால் மணி நேரம் ராடு அசையவில்லை. எல்லாரும் ரிக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். சரோஜாக்காவும் வேலியோரம் வந்து நின்றார். பிறகு ராடு ஒரு முறுக்கு முறுக்கி, முனகி, சுற்ற ஆரம்பித்தது. யாரும் கை தட்டவில்லை. பாண்டி கீழே குனிந்து, "எந்திரிங்க மேடம், புடிச்சது போதும்" என்றார். எனக்குத்தான் எழுந்திருக்க மனமில்லை. அங்கே படுத்திருந்தவரைக்கும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய சார் ஜீப் சீட்டில் நியூஸ்பேப்பர் விரித்து உட்கார்ந்து போனார். பிற்பாடு அவர் எழுதிய குறிப்பில் ஒரு வரி மட்டும் எங்களைப் பற்றி இருந்ததாக ஜெயராஜ் சார் சொன்னார். 'உறிஞ்சுகுழாய் அமைப்பு பார்வைக்கு நன்று.'

சேலை அலச மூன்று நாள் ஆனது. முதல் நாள் நான் படித்த படிப்பை அங்கேயும் காட்டினேன். அழுக்கென்றால் தண்ணீர் என்று முடிவு செய்து, வாளி வாளியாக ஊற்றினேன். அந்தக் களிமண்ணோ தண்ணீரைக் கண்டால் ஊறி உப்பி இன்னும் வழவழப்பாகும் சாதி. அதனால்தான் அதைத் துளைக்கே வாங்குகிறோம். அது எனக்குப் பரீட்சையில் வந்த கேள்வி. பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன். நாலு சேலை அலசி முடித்தபோது, சேலையைவிட நான் அதிகமாக வழுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா செத்த நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏத்தா, காய விட்டு உதறுனா பாதி போயிரும்ல?"

காய விட்டோம். உதறினோம். தும்மினோம். அப்புறம் அலசினோம். முப்பத்தெட்டு சேலை தேறியது. தேறாத நாலை ஜெயராஜ் சார் எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா தன் தூக்குச்சட்டியிலிருந்து எனக்கும் சோறு போட்டு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் வைத்தார். சாப்பிடும்போது திடீரென்று, "ஏம்மா, அந்த வளைவ எதுக்குத்தான் வச்ச?" என்று கேட்டார். "கீழ நடந்துபோகத்தான்" என்றேன். அக்கா சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்தார், புரையேறிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பட்டறைப் பெண்களைக் கூப்பிட்டு, என்னை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

வேலை போகவில்லை. போயிருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அடுத்த ஆறு மாதம் பாண்டி ஒவ்வொரு சைட்டிலும் சக்சன் மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டு, "கலரு மட்டும் நீங்க சொல்லுங்க மேடம்" என்பார். குழாய் ரோட்டைக் கடந்தது. அந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் வந்தது. நான் இன்றுவரை இதே தொழிலில்தான் இருக்கிறேன். என் உறிஞ்சுகுழாய்கள் எல்லாம் குட்டையாக, தடிமனாக, நேராக, அசிங்கமாக இருக்கும்.

போன வருஷம் உறவுக்காரக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, கணவரையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு சரோஜாக்கா பட்டறைக்கு மினிபஸ்ஸில் போனேன். சின்னாளப்பட்டி தாண்டியதும் கண்டக்டர் விசில் ஊதிக் கத்தினார்:

"ஆர்ச்! ஆர்ச் எல்லாம் எறங்கு!"

கணவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வெட்டவெளி. ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை. "எங்கண்ணே ஆர்ச்சு?" என்று கேட்டார்.

"அது விழுந்துருச்சு சார். முந்தி ஒரு லேடி இன்ஜினியர் கட்டுச்சாம். கட்டி முடிச்ச அன்னைக்கே வெள்ளம் வந்து கலெக்டரையே அடிச்சிட்டுப் போயிருச்சாம்ல."

(அதிகாரி கலெக்டராகவும், முக்கால் தொட்டி வெள்ளமாகவும் பதவி உயர்வு பெற்றிருந்தன.)

கணவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்றார்.

"ராத்திரியோட ராத்திரியா வெளிநாட்டுக்கு ஓடிருச்சுன்னு பேசிக்கிறாங்க."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இறங்கினேன். என் மகள் இறங்காமல் படியில் நின்று, கண்டக்டரை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தாள். கணக்கு டீச்சரின் பேத்தி. இரண்டையும் கூட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதற்காவது விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் போதும். சாம்பாருக்குப் பருப்பு வேகும் விதம், ஃபேன் சுற்றும் திசை, எதுவாக இருந்தாலும் சரி. "அறிவியல்படி பார்த்தா..." என்று வாயைத் திறக்கும்போதே, சின்னது எங்கிருந்தோ விசில் மாதிரி வாயைக் குவித்து ஊதிவிட்டுக் கத்தும்:

"ஆர்ச் எல்லாம் எறங்கு!"

இறங்கிவிடுவேன்.